கர்ப்பப்பையை எடுக்கும் முன்

மாதவிலக்கு பத்துப் பன்னிரண்டு நாள் நிற்காமல் போகும். ஸ்கேன் எடுத்தால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்திருக்கிறது என்பார்கள். “பிள்ளைகள்தான் பிறந்தாயிற்றே, எடுத்துவிடலாம்” என்ற பேச்சு அன்றைக்கே வீட்டில் கிளம்பிவிடும். ஸ்கேனை மட்டும் நம்பி அந்த முடிவுக்கு வரக்கூடாது. பயாப்சி செய்து, அறிக்கையில் ‘ஹைப்பர்பிளேசியா’ (உட்சுவரின் மிகை வளர்ச்சி) என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘ஏடிபியா’ இருக்கிறதா, இல்லையா என்று பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2014இல் இந்த நோயின் பழைய பிரிவுகளையெல்லாம் இந்த இரண்டுக்குள் அடக்கிவிட்டது. ஏடிபியா என்றால் செல்களின் உருவமே பிறழ்ந்திருக்கிறது. புற்றுநோய் ஏற்கெனவே ஒளிந்திருக்கவும் கூடும். அங்கே கர்ப்பப்பையை எடுப்பதுதான் பொதுவான வழி. ஏடிபியா இல்லையென்றால், 20 ஆண்டுகளில் புற்றுநோயாக மாறுவது 100 பேரில் 5 பேருக்கும் குறைவு. இவர்கள் அறுவை சிகிச்சைக்கு அவசரப்பட வேண்டியதில்லை.

கர்ப்பப்பையின் உட்சுவரான சவ்வை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் வளர்க்கும், புரோஜெஸ்டிரோன் அடக்கும். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கும் மாதவிடாய் நிற்கும் தறுவாயில் இருப்பவர்களுக்கும் முட்டை சரியாக வெளியேறாததால் புரோஜெஸ்டிரோன் போதாது. உடல் பருமன் இருந்தால் கொழுப்பிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டாகும். எனவே எடையைக் குறைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். குறைகிற ஹார்மோனை மாத்திரையாகவும் கொடுக்கலாம், லூப்பாகக் கர்ப்பப்பைக்குள்ளேயும் வைக்கலாம். நார்வேயில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் லூப் வைத்த அனைவருக்கும் சவ்வு சீரானது. தினமும் மாத்திரை எடுத்தவர்களில் 96 சதவீதத்தினருக்கும், மாதத்தில் 10 நாள் மட்டும் எடுத்தவர்களில் 69 சதவீதத்தினருக்கும்தான் சீரானது. மாத்திரைதான் என்று முடிவானால், அதை விட்டு விட்டு எடுப்பதில் பயன் குறைவு.

லூப் என்றதும் பலர் காப்பர் டியை நினைத்துப் பயப்படுகிறார்கள். வடிவம் அதே ‘டி’தான், ஆனால் செம்பு உதிரப்போக்கைக் கூட்டும், இந்த லூப்பிலுள்ள 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் அதைக் குறைக்கும். மருந்து பெரும்பாலும் கர்ப்பப்பைக்குள்ளேயே வேலை செய்வதால் மாத்திரையைவிடப் பக்கவிளைவும் குறைவு. முதல் சில மாதங்கள் ஒழுங்கில்லாமல் சொட்டுச் சொட்டாகப் படும் என்பது உண்மை. அது சிகிச்சை தோற்றதற்கான அடையாளம் அல்ல. அதற்குள் எடுத்துவிடச் சொல்லாதீர்கள்.

“எடுத்துவிட்டால் திரும்ப வராதே” என்ற வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. மயக்கமருந்து, ரத்த இழப்பு, சிறுநீர்ப்பையில் காயம் படும் அபாயம் ஆகியவை அந்த நிம்மதிக்கான விலை. லூப்பின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது: ஆறு மாத இடைவெளியில் பயாப்சி செய்து, அடுத்தடுத்து இரண்டு முறை இயல்பு என்று வரும்வரை விடக்கூடாது. ஓராண்டு மருந்துக்குப் பிறகும் சவ்வு சீராகாதவர்களுக்கும், நோய் திரும்பியவர்களுக்கும், தொடர்ந்து மருத்துவமனைக்கு வர உண்மையிலேயே வழியில்லாதவர்களுக்கும் அறுவை சிகிச்சை நியாயமானதே. மாதவிடாய் இன்னும் நிற்காதவர் என்றால், சினைப்பைகளையும் சேர்த்து எடுக்கப் போகிறார்களா, எதற்காக என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். அவை போனால் உடல் வெக்கையும் எலும்புத் தேய்மானமும் வயதுக்கு முன்பே வந்து சேரும்.