அவசரப் பையில் மாத்திரை இருக்கிறதா?

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதே 'எமர்ஜென்சி கிட்' வீடியோக்களும் விளம்பரங்களும் வந்துவிடுகின்றன. மடக்குக் கத்தி, பாராகார்டு கயிறு, தீ மூட்டும் கம்பி என்று பை நிறைய அடுக்கிக் காட்டுகிறார்கள். அவையெல்லாம் காட்டிலும் மலையிலும் வழி தவறியவர்களுக்கான பட்டியல்கள். வெள்ளத்துக்கும் புயலுக்கும் வீட்டைவிட்டுக் கிளம்பும் நம் மக்கள் போய்ச் சேருவது அரசுப் பள்ளி வகுப்பறைக்கு, கல்யாண மண்டபத்துக்கு, கடலோரப் புயல் பாதுகாப்பு மையத்துக்கு அல்லது உறவினர் வீட்டுக்கு. அங்கே எப்படியும் சாப்பாடும் பாயும் வந்து சேர்ந்துவிடும். உங்களுடைய சர்க்கரை மாத்திரையும் மூக்குக் கண்ணாடியும் வராது. போகும் இடத்தில் எது கிடைக்காதோ அதுதான் பையில் இருக்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு, பரவலாக இருக்கும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: முதலில் வாங்க வேண்டியது நல்ல கத்தியும் மல்டிடூலும்.

உண்மை: முதலில் எடுத்து வைக்க வேண்டியது ஒரு வாரத்துக்கான மாத்திரை. அட்டையோடு வையுங்கள், டப்பாவில் கொட்டி வைத்தால் முகாமுக்கு வரும் மருத்துவருக்கு அது என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று தெரியாது. அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் ஓரத்தை விட்டுவிடாதீர்கள். மருந்துச் சீட்டின் நகல் ஒன்றும் கூடவே இருக்கட்டும். திறந்து பயன்படுத்திவரும் இன்சுலின்களில் பெரும்பாலானவை 30 டிகிரிக்குக் குறைவான வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும்; உங்களுடையது எவ்வளவு நாள் தாங்கும் என்பதை உறையில் பாருங்கள். ஃபிரிட்ஜ் ஓடாத நாட்களில் ஈரத்துணி சுற்றிய மண்பானை உதவும். ஐஸுக்குள் நேரடியாகப் புதைத்து உறையவிட்டால் மருந்து கெட்டுவிடும். பழைய மூக்குக் கண்ணாடி, இன்ஹேலர், சானிட்டரி நாப்கின் ஆகியவை அடுத்து வரும். வெட்டும் வேலைக்கு ஒரு சிறு கத்தரிக்கோல் போதும்.

நம்பிக்கை: மூன்று நாளுக்கு வேண்டிய அத்தனையும் பையில் இருக்க வேண்டும்.

உண்மை: ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்றால், நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர். தண்ணீர் மட்டுமே 36 கிலோ. தோளில் குழந்தையும் கையில் பாட்டியுமாக வெள்ளத்தில் இறங்குகிறவரால் அதைத் தூக்க முடியாது. வீட்டில் சேமித்து வைப்பது வேறு, கையில் எடுத்துப் போவது வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பலர் மாடியிலேயே சிக்கிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட நாளுக்குத்தான் கேன் தண்ணீரும் அரிசியும். பையில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், சில ஓஆர்எஸ் பொட்டலங்கள், பொட்டுக்கடலை, பிஸ்கட். பையை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் எதையாவது வெளியே எடுத்துவிடுங்கள்.

நம்பிக்கை: கையில் போன் இருக்கிறது, டார்ச்சும் அதுதான், பணமும் அதுதான்.

உண்மை: 2015 டிசம்பரில் சென்னையில் மின்சாரம் போனது, செல்போன் டவர்கள் வேலை செய்யவில்லை, ஏடிஎம்கள் நின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த டெல்டா மாவட்டங்களில் பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அதனால் 10, 20, 50, 100 ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் பணம் பையில் இருக்க வேண்டும். முக்கியமான போன் எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பவர் பேங்கை நம்புகிறவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 10,000 எம்ஏஎச் என்று அச்சிட்டிருந்தாலும், உள்ளே இருக்கும் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்துவதில் ஒரு பங்கு போய்விடும். 5,000 எம்ஏஎச் பேட்டரி கொண்ட போனுக்கு அது ஒன்றேகால், ஒன்றரை முறைதான் சார்ஜ் தரும். அதை டார்ச் அடித்தே தீர்க்கக் கூடாது. தலையில் மாட்டும் டார்ச் வாங்குங்கள். இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். எஃப்எம் உள்ள பட்டன் போன் ஒன்றில் வேறொரு நிறுவனத்தின் சிம்மைப் போட்டு வைத்தால், ஒரு நெட்வொர்க் போனாலும் இன்னொன்று எடுக்கலாம். எச்சரிக்கைச் செய்தியையும் நாள்கணக்கில் கேட்கலாம். மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம். வெள்ளம் புரட்டிப்போட்ட சமையலறையில் காஸ் கசிந்திருக்கக்கூடும்.

நம்பிக்கை: கார் சீட்டின் ஹெட்ரெஸ்ட், கண்ணாடியை உடைப்பதற்காகவே கழற்றும்படி செய்யப்பட்டது.

உண்மை: அது வாட்ஸப் வதந்தி. உயரத்தைச் சரிசெய்யவும் உறை மாற்றவும்தான் அது கழன்று வருகிறது. பக்கவாட்டுக் கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்டு வகை. கூர்முனை கொண்ட சிறு சுத்தியலால் அதன் மூலையில் அடித்தால் பொடிப்பொடியாக உதிரும். முன்கண்ணாடி லேமினேட்டட், அதில் அடித்து நேரத்தை வீணாக்காதீர்கள். சில புதிய கார்களில் பக்கக் கண்ணாடியும் லேமினேட்டட்தான். மூலையில் உள்ள முத்திரையில் எழுதியிருக்கும், இன்றே பாருங்கள். சுத்தியல் டிக்கியில் இருந்தால் பயனில்லை, ஓட்டுநர் கைக்கு எட்ட வேண்டும். கார் தண்ணீரில் மிதக்கத் தொடங்கியதும் சீட் பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை இறக்கி, குழந்தைகளை முதலில் வெளியேற்றுங்கள். பவர் விண்டோ வேலை செய்யும் அந்த முதல் நிமிடம் திரும்பக் கிடைக்காது.

நம்பிக்கை: முழங்கால் தண்ணீர்தானே, நடந்து போய்விடலாம்.

உண்மை: வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே பெரியவரைக் கூடத் தள்ளிவிடும். ஓரடி ஓட்டம் சிறிய காரை நகர்த்தும். வேறு வழியே இல்லாமல் தேங்கிய நீரில் நடக்க நேர்ந்தால், துணைக்கு நிற்பது ஒரு நீளமான கம்பு. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் ஊன்றிப் பாருங்கள். மூடி இல்லாத சாக்கடையும் மழைநீர்க் கால்வாயும் கண்ணுக்குத் தெரியாது, கம்புக்குத் தெரியும். ரப்பர் செருப்பு சேற்றில் கழன்றுவிடும். குதிகாலில் வார் உள்ள செருப்பு போடுங்கள். வெறுங்காலோடு இறங்கினால் கண்ணாடிச் சில்லு குத்தும். அந்தக் காயத்தின் வழியே எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும். மின்கம்பி அறுந்து கிடக்கும் தெருவில் இறங்கவே கூடாது.

நம்பிக்கை: ஆவணமெல்லாம் டிஜிலாக்கரில் இருக்கிறது, கவலையில்லை.

உண்மை: டிஜிலாக்கரில் வழங்கப்பட்ட ஆவணங்களுக்கு மூலத்துக்கு நிகரான சட்ட மதிப்பு உண்டு. ஆனால் டவர் இல்லாத ஊரில் அதைத் திறந்து காட்ட முடியாது. வீட்டுப் பத்திரமும் பழைய சான்றிதழ்களும் பெரும்பாலும் காகிதத்தில் மட்டுமே இருக்கின்றன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு, தொலைந்த ஆவணங்களைத் திரும்பத் தர அரசு சிறப்பு முகாம்களே நடத்த வேண்டியிருந்தது. மூலங்களை ஜிப் உறையில் போட்டு, அதை இன்னொரு ஜிப் உறைக்குள் வைத்து, பரண் மேல் தட்டில் ஒரே இடத்தில் வையுங்கள். பையில் நகல்கள் இருக்கட்டும்.

நம்பிக்கை: அவசரப் பை வீட்டில் இருந்தால் போதும்.

உண்மை: 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தின் நடுவே நின்றது. ஓர் இரவுப் பயணத்துக்கு வந்தவர்கள் ஏறத்தாழ இரண்டு நாள் அங்கே சிக்கினார்கள். ஹெலிகாப்டரில் உணவு போட வேண்டியிருந்தது. தினமும் எடுத்துப் போகும் கைப்பையிலும் இரண்டு நாள் மாத்திரை, சிறிய டார்ச், தண்ணீர், விசில் இருக்கட்டும். கத்திக் கூப்பிட்டால் தொண்டை கட்டிவிடும். விசிலை மும்மூன்றாக ஊதினால் உதவி கேட்கிறார்கள் என்று பல இடங்களில் புரியும்.

நம்பிக்கை: ஒருமுறை கட்டி வைத்தால் வேலை முடிந்தது.

உண்மை: மாத்திரை காலாவதியாகும், பவர் பேங்க் தானாக இறங்கும், டார்ச்சுக்குள் கிடக்கும் செல் ஒழுகும், குழந்தையின் சட்டை சிறுத்துப்போகும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் பையைக் கொட்டிப் பாருங்கள். செல்லைத் தனியே கழற்றி வையுங்கள்.

எவ்வளவு நல்ல பையானாலும், 'கிளம்புங்கள்' என்ற அறிவிப்பு வந்ததும் பகல் வெளிச்சத்தில் கிளம்பினால்தான் அது காப்பாற்றும். யார் பாட்டியைக் கூட்டிப்போவது, யார் பையை எடுப்பது என்பதை இப்போதே பேசி வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, அவசர உதவி 112 ஆகிய எண்களைக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பையைக் கட்டி முடித்த கையோடு, பக்கத்தில் தனியாக இருக்கும் பெரியவர் வீட்டுக்கும் ஒரு நடை போய், அவருடைய மாத்திரைப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.