மசினகுடிக்கு வேன் எடுக்கிறீர்களா?

கம்பெனி லீவு விட்ட அன்றே, ராத்திரியோடு ராத்திரியாகப் பெருமாநல்லூரில் வேனைக் கிளப்புவது நம் பழக்கம். இந்தப் பாதைக்கு அது ஆகாது. குன்னத்தூர், கோபி, சத்தி தாண்டி திம்பம் மலைப்பாதையில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டி விடமாட்டார்கள். பந்திப்பூர் காட்டுச் சாலையிலும் அதே நேரம்தான். விடியும்போது பண்ணாரியில் நிற்கிற மாதிரி கிளம்பினால் போதும்.

வாடகை வேன் என்றால் கர்நாடகா பெர்மிட் போட்டாயிற்றா என்று டிரைவரிடம் முதல் நாளே கேளுங்கள். நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் தனி. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை செக்போஸ்ட்டில் பிடுங்கிவிடுவார்கள். எவர்சில்வர் குடமே மேல்.

திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்களை முன் சீட்டில் உட்கார வையுங்கள். ஒரு பை பனியன் வேஸ்ட் கட்டாயம். நம் ஊரில் அதற்கா பஞ்சம்!

ஊட்டி வழியாகப் போனால் கல்லட்டி இறக்கத்தில் வெளியூர் வண்டிகளுக்கு அனுமதியில்லை. கூடலூர், தெப்பக்காடு சுற்றித்தான் மசினகுடி.

முதுமலையில் சஃபாரி வனத்துறை வண்டியில் மட்டும்தான். சொந்த வேனில் காட்டைச் சுற்றிக்காட்டுகிறேன் என்பவரை நம்பாதீர்கள், அபராதம் உங்கள் தலையில் விழும். ஃப்ளோரசன்ட் டீ-சர்ட் வேண்டாம், மங்கிய பச்சை, சாம்பல் நிறம் போதும். குரங்குக்குக் கட்டுச்சோறு போடுவதும், காட்டோரம் அடுப்பு மூட்டுவதும் குற்றம்.