முதலில் விழுந்தது விசுவாசம்

வேதபகுதி: ஆதியாகமம் 2:15-17, 3:1-21

விலக்கப்பட்ட கனியைப் புசித்ததினால் மனிதன் விழுந்தான் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் கை நீளுவதற்கு முன்பே இருதயம் விலகிவிட்டது என்பதை வேதம் காட்டுகிறது.

அனுமதியே முதலாவது

தேவனுடைய கட்டளை தடையுடன் தொடங்கவில்லை. எல்லா விருட்சங்களின் கனியையும் ஆதாம் புசிக்கலாம். விலக்கப்பட்டது ஒன்றே (2:16,17). சர்ப்பமோ, அவர் யாவற்றையும் மறுத்துவிட்டார் என்பதுபோல் கேள்வி தொடுத்தது (3:1). கனியைப் பறிக்கும்படி அது ஒருமுறையேனும் சொல்லவில்லை. தேவன் நன்மையானதை மறைத்து வைக்கிறார் என்ற ஐயத்தையே விதைத்தது.

மறைந்த நாமம்

அதுவரை அந்த வரலாற்றில் ‘தேவனாகிய கர்த்தர்’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. சர்ப்பமும் ஸ்திரீயும் பேசும்போதோ ‘கர்த்தர்’ என்னும் நாமம் காணப்படவில்லை. ஏவாளின் பதிலில் ‘எல்லா’ என்ற சொல் விடுபட்டது. தொடுவதற்கும் தடை உண்டு என்பது புதிதாய்ச் சேர்ந்தது (3:2,3). தேவன் கொடுத்தது சிறுத்தது, தடுத்தது பெருத்தது. அதன் பின்னரே அவள் கனியைப் பறித்துப் புசித்தாள். உடனிருந்த ஆதாமும் புசித்தான். விசுவாசம் வேர், கீழ்ப்படிதல் கனி. வேர் அறுந்தபின் கனி நிலைப்பதில்லை.

ஆகாரத்திற்காகத் தரப்பட்ட விருட்சங்கள் ஒளிந்துகொள்ளும் இடமாயின. ஆயினும், சந்தேகிக்கப்பட்டவரே தேடி வந்தார். தோல் உடைகளை உண்டாக்கி உடுத்துவித்தார் (3:21).

மற்றொரு தோட்டம்

நிறைவின் நடுவிலே முந்தின ஆதாம் கீழ்ப்படியாமற்போனான். பிந்தின ஆதாமாகிய கிறிஸ்துவோ, கெத்செமனேயில் வியாகுலத்தின் நடுவிலே கீழ்ப்படிந்தார். பாத்திரம் நீங்கவேண்டும் என்ற வாஞ்சையை அவர் மறைக்கவில்லை, எனினும் பிதாவின் சித்தத்திற்கே தம்மை ஒப்புக்கொடுத்தார் (மத். 26:39). அந்த ஒருவருடைய கீழ்ப்படிதலினாலே அநேகர் நீதிமான்களாக்கப்படுகிறார்கள் என்பதே அப்போஸ்தலனாகிய பவுலின் போதனை (ரோமர் 5:19).

நோய் நீங்காத வீட்டிலும், பதில் வராத ஜெபத்திலும் ஏதேனின் கேள்வி மீண்டும் எழும்புகிறது: தேவன் உண்மையாகவே நேசிக்கிறாரா? வேதனையை அவரிடம் அறிக்கையிடுவது அவிசுவாசமல்ல. கிறிஸ்துவும் அப்படியே செய்தார். வேதனையைக்கொண்டு அவருடைய அன்பை அளவிடுவதே கண்ணி. அவ்வேளையில் விசுவாசி முதலாவது காத்துக்கொள்ளவேண்டியது கையை அல்ல, இருதயத்தை. மறுக்கப்பட்ட ஒன்றை எண்ணுமுன், கொடுக்கப்பட்ட எல்லாவற்றையும் எண்ணுகிறவன் பாக்கியவான்.