70 மைல் வேகத்துக்கு 400 குதிரைத்திறன் எதற்கு?

இங்கிலாந்தில் மோட்டார்வே வேக வரம்பு மணிக்கு 70 மைல். கிலோமீட்டரில் சொன்னால் 112. 1965-இல் தற்காலிக ஏற்பாடாக வந்து, 1967-இல் நிரந்தரமாகி, இன்றும் அதே இடத்தில் நிற்கிறது. அப்படியிருக்க, 155 மைல் போகும் கார் எதற்கு என்று என்னைக் கேட்காத சொந்தக்காரர் கிடையாது. என்னிடம் இருப்பது 2005 ஜாகுவார் எக்ஸ்ஜேஆர். 4.2 லிட்டர் வி8, அதற்கு ஒரு சூப்பர்சார்ஜர், ஏறக்குறைய 400 குதிரைத்திறன். அந்த 155-ஐ நான் தொட்டதில்லை, தொடும் ஆசையும் இல்லை. எனக்கு வேண்டியதெல்லாம் 50-க்கும் 70-க்கும் நடுவில்தான்.

எசெக்ஸ் வழியாகப் போகும் ஏ12-இல் ஏறிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். சில இடங்களில் பெருஞ்சாலையில் சேரும் ஸ்லிப் ரோடு, தொடங்கியதும் முடிந்துவிடும். பெரிய லாரிகளுக்கு 56 மைலில் லிமிட்டர் உண்டு என்பதால் எல்லாம் ஒரே வேகத்தில் வரிசை கட்டி வரும். நூறு குதிரைத்திறன் உள்ள சின்னக் கார் 50-இலிருந்து 70-ஐ எட்ட ஏழெட்டு நொடி பிடிக்கும். இந்த ஜாகுவாருக்கு மூன்று நொடி போதும். மணிக்கு 60 மைல் என்றால் நொடிக்கு 27 மீட்டர். சின்னக் கார் 200 மீட்டரில் செய்வதை இது 80 மீட்டரில் முடித்துவிடுகிறது. வித்தியாசம் அந்த 120 மீட்டரில் இருக்கிறது. அது இல்லாத இடத்தில்தான் ஓட்டுநருக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

பெரிய செடான் 70-இல் சீராக ஓட இருபது முப்பது குதிரைத்திறனே அதிகம். மிச்சமெல்லாம் கையிருப்பு. கார் விளம்பரங்கள் பெருமையாகப் போடும் பூஜ்யத்திலிருந்து 60 வரையிலான நேரம் இந்தக் கையிருப்பைப் பற்றி அதிகம் சொல்லாது. சிக்னலில் பச்சை விழுந்ததும் சின்ன மின்சாரக் கார்கள் என்னை விட்டுவிட்டுப் போகின்றன, போகட்டும். 60-ஐத் தாண்டிய பிறகு அவற்றில் பலவற்றுக்கு அந்த வேகம் இருப்பதில்லை.

ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால், அடியில் ஒரு சின்னத் தடை தட்டுப்படும். அதையும் தாண்டி அழுத்தினால் கிக்டவுன். ஆறாம் கியரில் ஓய்வாக இருந்த கியர்பாக்ஸ் மூன்றுக்கோ இரண்டுக்கோ இறங்கும். அதற்கு அரை நொடி ஆகும்; அந்த அரை நொடி நெரிசலில் நீளமாகத் தெரியும். அதனால் ஸ்லிப் ரோட்டில் திரும்பும்போதே லீவரை இடப்பக்கம் தள்ளிக் கியரை நானே இறக்கி வைத்துவிடுவேன். பிறகு மிதித்த மாத்திரத்தில் சூப்பர்சார்ஜரின் மெல்லிய ஊளையோடு வண்டி கிளம்பும். ஒன்று மட்டும்: மழையில், ஸ்டீயரிங் நேராகும் வரை இந்த வேலை வேண்டாம். எல்லாச் சக்தியும் பின்சக்கரங்களுக்குப் போகும் கார் இது.

இனி விலை. புதிதாக 50,000 பவுண்டுக்கு மேல் விற்ற கார். இன்று சுமாரான புதுச் சின்னக் காரின் விலையில் பாதிகூடத் தேவையில்லை. எல்லாப் பழைய செடானும் இப்படி என்று எண்ண வேண்டாம். போர்ஷே ஆலையின் கை பட்ட மெர்சிடிஸ் 500இ, 950 மட்டுமே செய்யப்பட்ட லோட்டஸ் கார்ல்டன், கையால் கியர் மாற்றும் பிஎம்டபிள்யூ எம்5 இவையெல்லாம் சேகரிப்பாளர் கைக்குப் போய்விட்டன. ஜாகுவார், ஆட்டோமேட்டிக் என்றால் அந்தக் கூட்டம் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓட்டுவதற்காக வாங்குபவனுக்கு அதுவே லாபம்.

ஆனால் கார்தான் மலிவு. பாகங்களும் கூலியும் இன்னும் 50,000 பவுண்டுக் காருக்கு உரியவை. எனவே முதலில் காகிதத்தைப் பாருங்கள், அப்புறம் பெயின்ட்டை. பதிவு எண்ணைப் போட்டால் அரசு இணையதளத்தில் எம்ஓடி (வருடாந்திரச் சோதனை) வரலாறு இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொரு வருடமும் அதே குறை அறிவுரையாக எழுதப்பட்டிருந்தால் உரிமையாளர் செலவு செய்யாதவர். டயரும் அதையே சொல்லும். நான்கும் நான்கு மலிவுப் பிராண்டாக இருந்தால் எஞ்சின் ஆயிலுக்கும் அந்தக் கஞ்சத்தனம் போயிருக்கும். டயர் ஓரத்தில் உள்ள கடைசி நான்கு இலக்கம், தயாரான வாரமும் வருடமும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம்.

கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று விற்பவர் சொன்னால் தலையாட்டிவிட்டு ரசீதைக் கேளுங்கள். கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. இதன் அடித்தட்டும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் துண்டு என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இதற்கு முந்தைய தலைமுறை எக்ஸ்ஜேஆர் என்றால் டைமிங் செயின் டென்ஷனர் பிளாஸ்டிக்கா, மாற்றியதா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். என்னுடைய தலைமுறைக்கு அலுமினிய உடல். துரு கிடையாது, ஆனால் கதவு விளிம்புகளில் பெயின்ட் கொப்புளம் விடும். ஏர் சஸ்பென்ஷனைச் சோதிக்க, இரவு முழுக்க நின்ற காரைக் காலையில் போய்ப் பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் விலையைக் குறைக்கலாம், அல்லது வீட்டுக்குத் திரும்பலாம்.

சாலை வரியில் ஒரு தேதி இருக்கிறது: 23 மார்ச் 2006. அதற்கு முன் பதிவான இந்தத் தலைமுறைக் கார்கள் எவ்வளவு புகை விட்டாலும் ‘கே’ வரிப் பிரிவோடு நின்றுவிடும். அன்றோ அதற்குப் பிறகோ பதிவான அதே காருக்கு வருடத்துக்கு 700 பவுண்டைத் தாண்டும். ‘06’ எண்பலகையில் இரண்டு வகையும் உண்டு. பதிவுச் சான்றில் முதல் பதிவுத் தேதியைப் பாருங்கள். லண்டனுக்குள் ஓட்டுபவர்கள் யூலெஸ் என்னும் புகைக் கட்டுப்பாட்டு மண்டலத்தின் தரத்தை வண்டி எட்டுகிறதா என்றும் பதிவு எண்ணை வைத்தே பார்த்துவிடலாம்; இல்லையென்றால் ஓட்டும் நாளெல்லாம் 12.50 பவுண்டு கட்டணம். காப்பீட்டுக்குக் குறைந்த மைலேஜ் கிளாசிக் பாலிசி கேளுங்கள், என் வயதுக்காரர்களுக்கு அது சாதாரணப் பாலிசியைவிட மலிவாகவே வருகிறது.