தோளில் ஏறிய கல்லை எந்தக் கை இறக்கும்?

கேள்வி: எனக்கு 47 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் தைக்கிறேன். பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். இரண்டு வருஷமாகக் கழுத்தும் வலது தோள்பட்டையும் கல்லை ஏற்றி வைத்த மாதிரி கனக்கின்றன. மாத்திரை போட்டால் அன்றைக்குச் சரியாகிறது, மறுநாள் அதே வலி. கூட வேலை செய்யும் அக்கா, பாலக்காட்டுக்குப் போய் ஏழு நாள் பிழிச்சல் எடுத்துக்கொள் என்கிறார். ஊருக்குள்ளேயே தாய் மசாஜ் என்று பலகை வைத்த கடையில் ஒரு மணி நேரத்துக்கு 2,000 ரூபாய் கேட்கிறார்கள். நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தாலே போதும் என்பது என் மாமியார் கட்சி. வீட்டுக்காரர் முடி வெட்டப் போகும்போதெல்லாம் கழுத்தில் சொடக்கு எடுத்துக்கொண்டு வருவார். நீயும் எடுத்துக்கொள், லேசாகிவிடும் என்கிறார். நான் யார் சொல்வதைக் கேட்பது? இன்னொன்றும் கேட்க வேண்டும். மகளுக்குக் குழந்தை பிறந்து 40 நாள் ஆகிறது. நாங்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் முறையில் பாதி சரி, பாதி தப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டார். எது தப்பு?

– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: நான் பிசியோதெரபிஸ்ட். உங்களைப் போல மிஷினில் குனிந்து குனிந்து தோள் இறுகிப்போன பெண்களை வாரத்துக்கு நாலைந்து பேராவது பார்க்கிறேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மாமியார் சொல்வதில் முக்கால் பங்கு சரி. உங்கள் வீட்டுக்காரர் சொல்வது வேண்டவே வேண்டாம். பாலக்காடும் தாய் மசாஜும் கெட்டவை அல்ல, ஆனால் உங்கள் வலிக்கு முதலில் போய் நிற்க வேண்டிய வாசல் அவை இல்லை.

வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நம் தலை நாலரை, ஐந்து கிலோ இருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தால் முதுகெலும்பு அந்தக் கனத்தைத் தாங்கிக்கொள்ளும். ஊசியைப் பார்க்கக் குனிந்ததும் அதைப் பிடித்து நிறுத்தும் வேலை பிடரித் தசைகளுக்குப் போய்விடுகிறது. 30 பாகை குனிந்தால் கழுத்தில் ஏறும் பாரம் சுமார் 18 கிலோ என்று ஒரு கணக்கு உண்டு. ஒன்றரை ஷிப்ட் என்றால் பன்னிரண்டு மணி நேரம். அவ்வளவு நேரமும் பிடரியிலிருந்து தோள்முனை வரை விரியும் தசை சுருங்கியே இருக்கிறது. சுருங்கிய தசைக்குள் ரத்தம் சரியாக ஓடாது. நாளடைவில் அதற்குள் பட்டாணி அளவு முடிச்சுகள் விழும். அவற்றில் ஒன்றை அழுத்திப் பார்த்தால் வலி அங்கேயே நிற்காது. காதுக்குப் பின்னால் ஏறி நெற்றிப்பொட்டு வரை போகும். உங்களுக்கு மாலையில் தலைவலியும் வந்தால் அது கண்ணாடி மாற்ற வேண்டிய தலைவலி என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

இந்தத் தசையைக் கையால் நீவும்போது என்ன நடக்கிறது? அடிபட்ட இடத்தை நாம் தானாகவே தேய்த்துவிட்டுக்கொள்கிறோம், வலி குறைகிறது. அதற்கு 1965-ல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். வலிச் செய்தி தண்டுவடத்தில் ஒரு கதவைத் தாண்டித்தான் மூளைக்குப் போக வேண்டும், தொடுதலும் அழுத்தமும் அந்தக் கதவைச் சாத்தப் பார்க்கின்றன என்றார்கள். அது போக, மெதுவாக வருடுவதை மட்டுமே உணரும் நரம்பு இழைகள் நம் தோலில் இருக்கின்றன. நொடிக்கு ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை கை நகரும்போதுதான் அவை நன்றாக விழிக்கும். அம்மா குழந்தையைத் தடவும் வேகம் அது. அதனால்தான் பரபரவென்று தேய்ப்பவர் கை எரிச்சலைத் தருகிறது, நிதானமாக நீவுபவர் கை தூக்கத்தைத் தருகிறது.

தசைக்குள்ளும் சில மாற்றங்கள் நடக்கின்றன. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2012-ல் பதினொரு இளைஞர்களைக் களைக்கக் களைக்க சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். பிறகு ஒரு காலுக்கு மட்டும் பத்து நிமிடம் மசாஜ் செய்து, இரண்டு கால் தசையிலும் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மசாஜ் செய்த காலில் அழற்சிக்கான அறிகுறிகள் குறைவாக இருந்தன. பதினொரு பேர் என்பது சின்னக் கூட்டம்தான், இருந்தாலும் நம் கை உணர்வதோடு அது ஒத்துப்போகிறது. ஆனால் மசாஜ் உடம்பிலுள்ள நச்சை எல்லாம் வெளியேற்றும் என்று பலகையில் எழுதியிருந்தால் நம்பாதீர்கள். அது ஈரலும் சிறுநீரகமும் செய்யும் வேலை. தொப்பை கரையும் என்பதும் அப்படித்தான்.

இனி வீட்டில் செய்யும் முறை. இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வேலை முடிந்து வந்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைத் தோளில் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் சாய்மானத்தைக் கட்டிக்கொள்வதுபோல் உட்காருங்கள். சாய்மானத்தின் மேல் தலையணை வைத்து நெற்றியைச் சாய்த்துக்கொள்ளுங்கள். கழுத்துக்குத் தலையைத் தாங்கும் வேலை அப்போதுதான் விடும். வெதுவெதுப்பான நல்லெண்ணெய் ஒரு கரண்டி போதும். எண்ணெய், கை வழுக்கிப் போக வழி செய்கிறது. வலியை இறக்குவது சூடும் கையும்தான். உளுந்துத் தைலம் வீட்டில் இருந்தால் அதையே தடவலாம், தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

பின்னால் நிற்பவர் காதுக்குக் கீழிருந்து தோள்முனை வரை உள்ளங்கையால் ஐந்து நிமிடம் நீளமாக நீவட்டும். அடுத்து, தோள் மேட்டுத் தசையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே பிடித்து, சப்பாத்தி மாவைப் பிசைவதுபோல் பிசைய வேண்டும். விரலில் முடிச்சு தட்டுப்பட்டால் அங்கே நின்று, கட்டைவிரலை வைத்து அரை நிமிடம் அசைக்காமல் அழுத்த வேண்டும். வலிக்குப் பத்து மார்க் என்றால் ஆறைத் தாண்டக் கூடாது. நீங்கள் மூச்சைப் பிடிக்கிறீர்கள் என்றால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். அழுத்திக்கொண்டே இருக்கும்போது, கையெடுப்பதற்கு முன்பே வலி கரையத் தொடங்கும். அந்த இளக்கம் அழுத்துகிறவர் விரலுக்கும் தெரியும். கடைசியில் மறுபடி நீளமாக நீவி முடிக்கலாம். கழுத்தின் முன்பக்கத்திலும் தாடைக்குக் கீழே பக்கவாட்டிலும் மட்டும் விரலே படக் கூடாது. மூளைக்கு ரத்தம் போகும் குழாய்கள் அங்கே இருக்கின்றன.

உங்கள் வீட்டுக்காரர் கைக்கு பலம் இருக்கும். அவருக்கே இதைக் கற்றுக்கொடுங்கள்.

நீவி முடித்த அரை மணி நேரம் தங்கமான நேரம். பலர் அப்படியே படுத்துவிடுகிறார்கள். வலி அடங்கியிருக்கும் அந்த வேளையில்தான் இறுகிய தோளை அசைக்க முடியும். இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் நெருக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள், பத்து முறை. தலையை இரண்டு பக்கமும் மெதுவாகச் சாய்த்து நிறுத்துங்கள். இந்த அசைவு இல்லாவிட்டால் மசாஜின் பலன் அன்று இரவோடு போய்விடும். மிஷினுக்கு முன்னால் முக்கால் மணிக்கு ஒருமுறையாவது எழுந்து நிற்க வேண்டும். சூப்பர்வைசர் முறைப்பார், தெரியும். தண்ணீர் குடிக்கவாவது எழுந்திருங்கள். நாற்காலி தாழ்வாக இருந்தால் ஒரு மடித்த சாக்கையாவது போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள்.

பாலக்காட்டுப் பிழிச்சலில் வெதுவெதுப்பான தைலத்தைத் துணியில் நனைத்து, உடம்பெல்லாம் பிழிந்து ஊற்றிக்கொண்டே நீவுவார்கள். உடம்பு முழுக்க வலியும் இறுக்கமும் உள்ளவர்களுக்கு அது பெரிய சுகம். ஞவரை அரிசியைப் பாலிலும் குறுந்தோட்டிக் கஷாயத்திலும் வேகவைத்துத் துணியில் கிழி கட்டி ஒற்றுவது இன்னொரு வகை, இளைத்துப்போன தசைக்குச் செய்வது. ஆனால் ஏழு நாள் சம்பளத்தை விட்டு அங்கே போய், எட்டாம் நாள் அதே நாற்காலியில் குனிந்தால் என்ன மிஞ்சும் என்று யோசியுங்கள். தாய் மசாஜ் எண்ணெய் இல்லாமல், உடுத்திய துணியோடு தரையில் பாய் விரித்துச் செய்வது. அமுக்கலும் இழுத்து நீட்டுவதும் அதில் அதிகம். 2019-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் அதைச் சேர்த்தது. உடம்பு வளையக்கூடியவர்களுக்கு நன்றாக இருக்கும், கழுத்து நோகிறவருக்கு இழுப்பில் கவனம் வேண்டும். ஸ்வீடிஷ் மசாஜ் என்று ஓட்டல்களில் சொல்வது, நான் மேலே சொன்ன நீவல், பிசைதல், தட்டல் ஆகியவற்றின் மேல்நாட்டு வரிசைதான்.

இதையெல்லாம் நம் சித்த மருத்துவம் எப்போதோ பிரித்து வைத்திருக்கிறது. தொக்கணம் என்று அதற்குப் பெயர். சித்தத்தின் 32 புற மருத்துவ முறைகளில் அது ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. எந்த வலிக்கு எது என்பது பயின்ற வைத்தியருக்குத் தெரியும். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. உங்கள் பக்கத்திலேயே பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்தப் பிரிவு உண்டு. போகும்போது ஒன்றை மறக்காதீர்கள். தொக்கணம் வேறு, தொக்கம் எடுப்பது வேறு. வயிற்றில் தங்கிய சோற்றை உறிஞ்சி எடுக்கிறேன் என்று சொல்லி எதையோ துப்பிக் காட்டுவது வைத்தியமே அல்ல.

வீட்டு நீவலை மூன்று வாரம் செய்தும் குறையாவிட்டால், கடைகளைத் தேடாமல் இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் போய்ப் பிசியோதெரபிக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், அது உங்கள் உரிமை. வலது கை விரல் மரத்துப்போனால், பிடிமானம் தளர்ந்து டம்ளர் நழுவினால், ராத்திரி தூக்கத்தில் எழுப்பும் வலி வந்தால், காய்ச்சலோ காரணமில்லாத இளைப்போ சேர்ந்தால் மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். அது தசையோடு நிற்கும் வலி அல்ல.

கை வைக்கவே கூடாத உடம்பும் உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரியவர் இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, “கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு, உருவி விடும்மா” என்று காலை நீட்டினார். இடது கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. டேப்பைச் சுற்றிப் பார்த்தேன். இரண்டு கெண்டைக்காலுக்கும் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். எண்ணெய் பாட்டிலை மூடி வைத்துவிட்டு அவரை ஸ்கேனுக்கு அனுப்பினேன். ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருந்தது. உருவியிருந்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்திருக்கலாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் யாரையும் தொட விடாதீர்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குச் சூடான எண்ணெயும் ஒத்தடமும் வேண்டாம். சுட்டது அவர்களுக்கே தெரியாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அழுத்தமான பிடி கூடாது.

இப்போது சொடக்கு. ‘டப்’ என்று கேட்பது எலும்பு இடத்தில் உட்காரும் சத்தம் என்று பலரும் நினைக்கிறார்கள். மூட்டு நீரில் வாயுக் குமிழி உண்டாகும் சத்தம் அது. லேசான மாதிரி இருக்கும், சற்று நேரத்தில் போய்விடும். ஆனால் கழுத்தெலும்புகளின் ஓரத் துளைகள் வழியாக இரண்டு தமனிகள் மூளைக்கு ஏறுகின்றன. தலையைச் சட்டென்று முறுக்கும்போது அந்தத் தமனியின் உட்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அரிதாக நடப்பதுதான், ஆனால் நடந்தவர்களில் நாற்பது வயதுக்காரர்களும் உண்டு. சலூன்காரர் மேல் குற்றமில்லை, அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தலையில் எண்ணெய் வைத்துத் தேய்க்கட்டும், கழுத்தைத் திருப்ப வேண்டாம் என்று உங்கள் வீட்டுக்காரரைச் சொல்லச் சொல்லுங்கள். சொடக்கு எடுத்த பிறகு என்றைக்காவது தலைசுற்றல், வாந்தி, இரட்டையாகத் தெரிவது, பேச்சுக் குழறல் வந்தால் 108-ஐ அழையுங்கள். தூங்கி எழுந்தால் சரியாகும் என்று படுக்கக் கூடாது.

பேரக்குழந்தைக்கு வருவோம். தேய்த்துவிடுவது நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்ட் என்பவர் 1986-ல் குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு வேளைக்குப் பதினைந்து நிமிடமாக, நாளைக்கு மூன்று வேளை, பத்து நாள் மசாஜ் செய்து பார்த்தார். தேய்க்காத குழந்தைகளைவிட 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறியது. நம் பாட்டிகள் காலை நீட்டிப் போட்டு, குழந்தையை அதன்மேல் கிடத்தித் தேய்த்ததில் அர்த்தம் இருந்திருக்கிறது.

டாக்டர் தப்பு என்றது எவற்றை என்று ஊகிக்கிறேன். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதுவது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் எளிதில் ஆறாத நிமோனியா வரும். மார்க்காம்பைப் பிதுக்குவது சீழ்க்கட்டியில் முடியும். தலையை உருட்டி வடிவம் பிடிப்பதும், மூக்கைப் பிடித்து நீட்டுவதும் வேண்டாம். உரம் எடுக்கிறேன் என்று சேலையில் போட்டு உருட்டக் கூடாது, குழந்தையின் கழுத்து இன்னும் நிற்கவில்லை. சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

குழந்தை பால் குடித்து ஒரு மணி நேரம் கழிந்த பிறகு, காற்றடிக்காத இடத்தில், தேங்காய் எண்ணெயை உங்கள் உள்ளங்கையில் சூடு பரவத் தேய்த்துக்கொண்டு தொடங்குங்கள். முதலில் கால்கள். தொடையிலிருந்து பாதம் வரை ஒரு கை விட, மறு கை பிடித்து நீவுங்கள். வயிற்றில் கடிகார முள் போகும் திசையில் வட்டம். பிறகு கைகள், கடைசியில் கவிழ்த்துப் போட்டு முதுகு. பத்து நிமிடம் போதும். நடுவில் முகத்தைத் திருப்பிச் சிணுங்கினால், கை விரல்களை விரித்து உதறினால், அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு வெந்நீரை ஊற்றித் துடைத்து மகளிடம் கொடுத்துவிடுங்கள்.