கெத்தாம் தீவுச் சேறு

பூச்சோங்

அன்புள்ள கயல்,

கெத்தாம் தீவில் நீர் வற்றியிருந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு, "அத்தை, இந்தச் சேறு செத்துப்போச்சு" என்றாய். படகுக்கு நேரமாகிவிட்டதால் அன்று பதில் சொல்லவில்லை.

அது சாகவில்லை, கண்ணு. ஒரு சதுர மீட்டர் சேற்றில் 10 லட்சம் நூற்புழுக்கள் இருப்பது சாதாரணம். பெரும்பாலானவை சில மில்லிமீட்டருக்கு மேல் நீளாது. அழுகிய முட்டை வாடையை வைத்து மாசு என்று முடிவுகட்டாதே. பாக்காவ் (கண்டல்) காட்டுச் சேற்றில் அது இயல்பாகவே எழும்.

நம் பூச்சோங் வழியாக ஓடும் கிள்ளான் ஆறு அந்தப் பக்கம்தான் கடலில் சேர்கிறது. ஆற்றில் ஒரு போத்தல் தண்ணீர் மொண்டால் அந்த நேரத்து நிலை மட்டுமே தெரியும். இரவில் எவரோ திறந்துவிட்ட கழிவு, நாம் போய்ப் பார்ப்பதற்குள் கடந்துபோயிருக்கும். மீன் நீந்தித் தப்பிவிடும். நூற்புழுவுக்குப் போக்கிடம் இல்லை. அதன் குஞ்சுகளும் நண்டுக் குஞ்சுகளைப்போல நீரில் மிதந்து ஊர் மாறுவதில்லை. வந்ததையெல்லாம் அங்கேயே இருந்து தாங்கியாக வேண்டும். அதனால் அந்த இடம் எப்படியிருக்கிறது என்பதைப் புழுக்களிடமே கேட்கலாம்.

1981இல் ராஃபேலி, மேசன் என்ற இருவர் ஒரு கணக்குச் சொன்னார்கள். கழிவு சேர்ந்து பிராணவாயு குறையும் இடத்தில், இறாலுக்குத் தூரத்து உறவான கோபிபோட்கள் முதலில் ஒடுங்கும், நூற்புழுக்கள் தாக்குப்பிடிக்கும். ஆகவே மாசை அறிய, ஒரு கோபிபோட்டுக்கு எத்தனை நூற்புழு என்று எண்ணினால் போதும் என்றார்கள். அதே ஆண்டில் மறுப்பும் வந்தது. நைசான சேற்றில் மாசே இல்லாவிட்டாலும் நூற்புழுதான் மிகுதி! மறுத்தவர்கள் பக்கம்தான் நான். அந்தக் கணக்கால் அளந்தால் நல்ல சேற்றின் மீதும் பழி விழும்.

நெதர்லாந்தின் டாம் போங்கர்ஸ் 1990இல் மண்புலத்து நூற்புழுக்களுக்கு வகுத்த அளவுகோல் எனக்குப் பிடித்தது; மறு ஆண்டே அது கடலுக்கும் நீட்டப்பட்டது. கெட்டுப்போன இடத்தில் மளமளவென்று பெருகும் இனத்துக்கு 1, நிதானமாக வளர்ந்து குறைவாகக் குஞ்சு பொரிக்கும் இனத்துக்கு 5. இடம் கெடக்கெடச் சராசரி இறங்கும். ஆனால் வாயின் அமைப்பு, பல், வால் எல்லாம் மைக்ராஸ்கோப்பில் பார்த்து இனம் பிரிக்கப் பொறுமை வேண்டும். பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தில், நம்முடையதைப் போன்ற கண்டல் சேற்றுப் புழுக்களை அப்படித்தான் ஆராய்ந்திருக்கிறார்கள்.

பள்ளி விடுமுறையில் நாமும் முயல்வோம். நுனி வெட்டிய ஊசிக்குழாயைச் சேற்றில் குத்தினால் மாதிரி வந்துவிடும். ஆற்றுமுகத்துக்கு அருகே ஓரிடம், தள்ளி ஓரிடம். சேறும் நீர்மட்டமும் இரண்டிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. ஏறக்குறைய தலைமுடித் தடிமனே உள்ள நுண்ணிய கண்கள் கொண்ட, 63 மைக்ரான் சல்லடையில் அலசி, ரோஸ் பெங்கால் சாயமிட்டால் புழுக்கள் இளஞ்சிவப்பாகத் தெரியும். புழுக்களைப் பதப்படுத்தும் ஃபார்மலினை நான் பார்த்துக்கொள்கிறேன். எண்ணி முடிக்க இரவாகிவிடும், அம்மாவிடம் சொல்லிவிட்டு வா.

அன்புடன்,
அத்தை