இத்தா நாட்களில் ஒரு விழிப்பு

முன்னுரை

செனகல் நாட்டு ஆசிரியை மரியாமா பா (1929-1981) பிரெஞ்சு மொழியில் எழுதிய ‘இத்தனை நீண்ட கடிதம்’ என்னும் புதினம் 1979இல் வெளிவந்தது. ஆப்பிரிக்க நூல்களுக்குரிய நோமா பரிசை 1980இல் முதன்முதலாகப் பெற்ற நூல் இதுவே. இதன் தலைவி ரமதுலாயே தன்னைத் தானே உணர்ந்த வகையை ஈண்டு நோக்குவோம்.

கதைப் போக்கு

ரமதுலாயே பள்ளி ஆசிரியை. பன்னிரு மக்களின் தாய். இருபத்தைந்து ஆண்டு இல்லறத்திற்குப் பின் கணவன் மோது, தன் மகளின் தோழியை இரண்டாந்தாரமாக மணக்கிறான். அச்செய்தியையும் அவன் நேரில் கூறவில்லை; நிக்காஹ் முடிந்தபின் இமாமும் தமையனும் நண்பனும் வந்து தெரிவிக்கின்றனர். பின்னர் அவன் முதற்குடும்பத்தை அறவே கைவிடுகிறான். ஐந்தாண்டுகளில் அவன் மறைய, இத்தா இருக்கும் ரமதுலாயே தோழி ஐசத்துவுக்கு வரையும் கடிதமே இப்புதினம்.

இரு தோழியர்

ஐசத்து பொற்கொல்லர் மகள். அதனால் அவளை இழிவாகக் கருதிய மாமியார், தம் மகனுக்கு வேறொரு பெண்ணை மணமுடித்தார். ஐசத்து நான்கு புதல்வர்களுடன் கணவனைப் பிரிந்து, மேலும் கற்று, அமெரிக்காவிலுள்ள தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளரானாள். ரமதுலாயேயோ மணவிலக்குப் பெறவில்லை. பிரிந்தவள் துணிந்தவள், பிரியாதவள் கோழை என்று ஆசிரியர் தீர்ப்புரைக்கவில்லை என்பது கருதத்தக்கது.

தன்னை உணர்தல்

ரமதுலாயேயின் விழிப்பு சிறு செயல்களில் தொடங்குகிறது. மின்கட்டணமும் குடிநீர்க் கட்டணமும் தானே செலுத்துகிறாள். பிறர் வியந்து நோக்கவும் தனியே திரைப்படம் காணச் செல்கிறாள். கணவன் இறந்த நாற்பதாம் நாள் கழிந்ததும் மைத்துனன் தம்சீர் அவளை மணக்க உரிமை கோருகிறான். நெடுநாள் மௌனம் அன்று உடைகிறது. பெண் கைமாறும் பொருளல்லள் என அவனை மறுக்கிறாள். பின்னர், தன்னை மதிக்கும் தாவூதாவும் மணம் வேண்டுகிறார். அவருக்கு மனைவி உண்டு. தான் பட்ட துயரை மற்றொருத்திக்கு இழைக்க மனமின்றி அவரையும் மறுக்கிறாள். முதல் மறுப்பில் தன்மானத்தையும் இரண்டாவதில் பிறர் துயர் உணரும் பெருமையையும் காண்கிறோம்.

முடிவுரை

ரமதுலாயே மார்க்கத்தைத் துறந்தவளல்லள். இத்தாவை முறைப்படி நிறைவேற்றுபவள். பலதார மணத்திற்கு நீதியை நிபந்தனையாக்கியது திருமறை. மோது சலுகையை எடுத்துக்கொண்டு நிபந்தனையை மறந்தான். இருவர் சேமிப்பால் வாங்கிய வீட்டை அடகு வைத்தே அவன் புதுமனைவிக்கு வீடு அளித்தான் என்பது இறப்பிற்குப் பின்னரே வெளியாகிறது. ஆகவே இப்புதினம் வினவுவது மார்க்கத்தையன்று. அதன் பெயரால் தம் வசதியைப் பேணும் மனிதரையே எனத் துணியலாம். நான்கு மாதமும் பத்து நாளும் கொண்ட தனிமையைச் சிந்தனைக் காலமாக்கிய இப்பெண்ணை மாணவியர் மட்டுமன்றி மாணவரும் கற்றறிதல் நலம்.